கடவாயில் ஒரு நீலப் புள்ளி

பல்செட் அவள் கையில் இருந்தது. மேல்வரிசை இடது உள்ளங்கையில், கீழ்வரிசை வலது கை விரல்களுக்கு நடுவே, பூதக்கண்ணாடி பொருத்திய மேசை விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில், அப்பாவின் எச்சில் ஈரம்கூட இன்னும் காயாமல் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் அப்பா சூப்பில் ஊறவைத்த ரொட்டியை வெறும் ஈறாலேயே மசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது.

அது கரண்டிச் சத்தம் இல்லை. கரண்டி தட்டில் பட்டால் எப்படிக் கேட்கும், கோப்பையை மேசையில் வைத்தால் எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இது பல்லும் பல்லும் மோதுகிற சத்தம். வேலையில் நாலு வருஷமாக அந்தச் சத்தத்தோடுதான் அவள் குடித்தனம் நடத்துகிறாள். மறுபடியும் கேட்டது. இடது பக்கம், கடவாயில், மற்றப் பற்களை முந்திக்கொண்டு இடிக்கிற ஒரு பல்.

எட்டிப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார். வாயில் பல் என்று பெயருக்கு ஒன்றுகூடக் கிடையாது. என்ன சத்தம் என்று கேட்டாள். எந்தச் சத்தம் என்று அவர் திருப்பிக் கேட்டார். காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்த உடம்பு, காதும் அந்த உடம்போடு சேர்ந்ததுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பிப் போய் விளக்கின் கீழே குனிந்தாள்.

அவள் வேலை செய்வது ஒரு பல் லேபில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். லேபில் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, கீல் வைத்த ஓர் இரும்புத் தாடையில் மேல் ஈறும் கீழ் ஈறுமாகப் பொருத்தி, அந்த வாய்க்கு ஏற்ற பல்செட்டைச் செய்து திருப்பி அனுப்புவார்கள். பொருந்தாமல் போனால் பெட்டி சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். அவள் சேர்ந்த முதல் மாதம் அப்படி ஒன்று வந்தது. முதலாளி திட்டக்கூட இல்லை, இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டித் தொலைத்திருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும். அந்தச் சீட்டை அவள் இன்னும் இழுப்பறையில் வைத்திருக்கிறாள். அதற்கப்புறம் அவள் பெயருக்கு ஒன்றும் வரவில்லை. தன் வேலை முடிந்தாலும் கிளம்ப மாட்டாள். மற்றவர்கள் செய்துவைத்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ராவி, மெருகேற்றி வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். யாரும் கேட்கவில்லை, யாரும் நன்றி சொல்லவும் இல்லை. லேபில் அவளுக்கு வைத்த பெயர் மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வைத்தவர்களுக்கு அது கேலி, அவளுக்கு அது பட்டம்.

அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்கு மிச்சமிருந்த பற்களையெல்லாம் ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆறு கிலோ இளைத்தார். இதற்கு மேல் இளைத்தால் இதயம் தாங்காது, சீக்கிரம் பல்லைக் கட்டி மென்று சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் அப்பாவுக்கு நான்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்து அவளே செய்தாள். மாட்டிவிட்ட அன்றைக்கு அப்பா ஓர் ஆப்பிளை நறுக்கென்று கடித்தார். சாறு மோவாயில் வழிந்தது.

"நொறுங்கத் தின்னா நூறு வயசும்பாங்க. எனக்கு அறுபத்தெட்டு. இன்னும் முப்பத்திரண்டு வருஷம் உனக்குத் தொல்லைதான் பாப்பா" என்றார்.

அவளும் சிரித்திருக்க வேண்டியது. வீட்டில் யாரும் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஆனால் ஆப்பிளுக்கு நடுவே டக் என்று ஒரு சத்தம் கேட்டுத் தொலைத்தது.

"கழட்டுங்கப்பா. இடது பக்கம் ஒரு முடி அளவு உயரமா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும்மா. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது."

ஆனாலும் கழற்றிக் கொடுத்தார். மகள் கேட்டு அவர் எதைத்தான் கொடுக்காமல் இருந்தார்.

பல்செட்டைச் சமன் பார்க்க ஒரு மெல்லிய நீலத் தாள் உண்டு. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னால், எங்கே இடிக்கிறதோ அங்கே நீலப் புள்ளி அழுத்தமாக விழும். அந்த இடத்தைச் சின்ன மோட்டாரால் ராவ வேண்டும். எல்லாப் புள்ளியும் ஒரே நிறத்தில் விழுந்தால் வேலை முடிந்தது. லேபில் பத்து நிமிஷ வேலை. அவள் இடதை ராவினாள், வலது இடித்தது. வலதை ராவினாள், முன்பல் முட்டியது. முன்பல்லைத் தொட்டதும் சத்தம் பழையபடி இடது கடவாய்க்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ராவி ராவிப் பல் குட்டையானதும் வேறு பல் வைத்தாள், மறுபடி ராவினாள். பூனைகளுக்குக் குரங்கு பங்கு வைத்த கதை தெரியுமா மைக்ரான் என்று முதலாளி கேட்டார். அவளுக்குத் தெரியும். அந்தக் குரங்குக்குத் தராசு பிடிக்கத் தெரியவில்லை என்பது அவளுடைய அபிப்பிராயம்.

முதலில் சாயங்காலம் மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம், அரைகுறையாகச் செய்ததை எப்படி மாட்டிவிடுவது என்று காலையிலும் கொடுக்கவில்லை. மூன்று வாரமாக அப்பா கரைத்ததையும் கடைந்ததையும் குடித்துக்கொண்டிருந்தார். ராத்திரி படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது, வந்தாலும் தூக்கத்துக்குள் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். ஒரு வாய், ஒரே ஒரு வாய், இதைச் சரியாக முடித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்துக்கொள்வாள். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு, சுவரில் தலையைச் சாய்த்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் போல.

நாலாவது வாரம், லேப் இரைச்சலில் நுணுக்கம் பிடிபடவில்லை என்று அப்பாவின் பிளாஸ்டர் அச்சை இரும்புத் தாடையோடு வீட்டுக்கு எடுத்துவந்தாள். வாய் திறந்துகொள்ளாமல் ரப்பர் வளையம் போட்டு, பழைய துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். மழை பெய்து விட்டிருந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் ஈரத் துணியும் டீசலும் களைத்த மனிதர்களின் மூச்சும் கலந்து ஒரு புழுக்க வாடை. பக்கத்தில் ஓர் அம்மாள் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். சிக்னலில் வண்டி நின்று இன்ஜின் அடங்கிய நிமிஷத்தில் மடிக்குள்ளிருந்து டக் என்று கேட்டது. வளையம் தளர்ந்திருக்கும் என்று பையின் மேல் கையை வைத்து அழுத்தினாள். துண்டுக்கு அடியில் ஏதோ ஒன்று மெதுவாக, பொறுமையாக, மேலும் கீழும் போய்வந்தது. பக்கத்து அம்மாள் கண்ணைத் திறந்து பையைப் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய், அத்தனை இடம் காலியாக இருந்தும், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால் வளையம் போட்டது போட்டபடி இருந்தது.

அன்றைக்கு அப்பா சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. வாசல் கதவுச் சத்தம் கேட்டதும் கேட்கிற கேள்வி அது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் தன் அறைக்குப் போனாள். உண்மையைச் சொன்னால், பேச்சுக் கொடுக்காமல் விட்டாரே என்று அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

படுக்கப் போகும் முன் பல்செட்டை அச்சில் மாட்டி, நடுவே ஒரு நீலத் தாளை வைத்து மூடிவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் பார்த்தால் தாளைக் காணோம். அடியில் நீலமாக, ஈரமாக, கூழாகக் கொஞ்சம் கிடந்தது. எலி என்றால் கிழிக்கும். இது மென்றது. பிளாஸ்டரைத் தொட்டாள். மழைக்காலத்தில் பிளாஸ்டர் ஈரம் வாங்கும், தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இதில் சூடு இருந்தது. கட்டை விரலால் ஈறை அழுத்தினாள். கொஞ்சம் அமுங்கியது. விரலை எடுத்ததும் அழுத்திய இடம் வெளிறி, பிறகு மெல்ல மெல்ல இளஞ்சிவப்பானது.

விளக்குச் சூடு என்று சொல்லிக்கொண்டாள். விளக்கு ராத்திரி முழுக்க அணைந்தே இருந்தது. பயந்திருக்க வேண்டியவள், பயந்தாள்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலேயே அவள் கண் இடது கடவாய்க்குப் போனது. அங்கே புள்ளி வெளுத்திருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக வெளுத்திருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாய் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க மூன்று விரலை நெட்டுக்குத்தாக நுழைத்துப் பார்ப்பது வழக்கம். அப்பாவுக்கு ஆரம்பத்தில் மூன்றும் தாராளமாக நுழைந்தன. அன்று சாயங்காலம் இரண்டுதான் நுழைந்தன. குறிப்பு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். வியாழக்கிழமை ஒன்றரை. அவர் ஈறைத் தடவிப் பார்த்தாள். உலர்ந்து, குளிர்ந்து, சொரசொரவென்று இருந்தது. கையை எடுத்தபோது விரல் நுனியில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. ரொட்டித் தூளாக இருக்கும் என்று பாவாடையில் துடைத்துக்கொண்டாள். எடைபார்க்கும் மெஷினில் அவரை ஏற்றி நிறுத்தினாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்ற மனிதர் நாலு கிலோ கூடியிருந்தார். ஒன்றும் சாப்பிடாமல் எப்படிக் கூடும் என்று யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. கூடியிருக்கிறது, டாக்டர் கேட்டால் சொல்லலாம்.

நோட்டை மூடும்போது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி கனமாக இருந்தது. உதடு மட்டும் கொஞ்சம் பிரிந்தது.

"போதும்மா" என்றார்.

"இன்னும் கொஞ்சம்தான்பா. ஞாயித்துக்கிழமை முடிஞ்சிடும்."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா ஃபோன் செய்தாள். வாராவாரம் செய்கிறவள்தான், கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். முதலில் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் காதில் வைத்துவிட்டு இவள் பாத்திரம் கழுவினாள். திரும்பி வாங்கியபோது அக்காவின் குரல் மாறியிருந்தது.

"அவர் ஒண்ணுமே பேசலைடி. மூச்சுகூடக் கேக்கலை. என்ன பண்ணிட்டிருக்க நீ?"

"வேலை முடியப் போகுது."

"உன் வேலை என்னைக்குடி முடிஞ்சிருக்கு? பள்ளிக்கூடத்துல கோடு கோணிடுச்சுன்னு நோட்டையே கிழிச்சவ நீ. அவருக்குப் பல்லைக் குடுத்துடு. டக்குன்னு சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது. மனுஷன் சாப்பிடட்டும்."

சரி என்றாள். உண்மையிலேயே அப்போது கொடுத்துவிடத்தான் நினைத்தாள். எடுத்து வரலாம் என்று அறைக்குப் போனாள். இருட்டில், விளக்கைப் போடுவதற்கு முன்னால், மேசைமேல் யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது.

விளக்கைப் போட்டாள். இரும்புத் தாடை. பிளாஸ்டர். பல்செட். கீழ் ஈறின் ஓரத்தில் ஒரு சொட்டு ஈரம் கோத்து நின்றது. ஓடிப்போய் அப்பாவை எழுப்பி, வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கால் வாசல்வரை போகவும் செய்தது. ஆனால் பல்செட்டை எடுத்துக்கொண்டுதானே போக வேண்டும், எடுப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை புள்ளி பார்த்துவிடலாமே. நீலத் தாளை வைத்தாள். தாடையை மூட அவள் கையை நீட்டுவதற்குள் அதுவே மூடிக்கொண்டது.

புள்ளிகள் அருமையாக விழுந்திருந்தன. இன்னும் நாலே நாலுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். அக்கம்பக்கத்து வீடுகளில் துணி துவைக்கிற சத்தம், எங்கோ ஒரு டிவி, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற குரல். பதினொரு மணிக்கு மேல் அவள் மோட்டாரை நிறுத்தினாள். இருபத்தெட்டுப் பல். இருபத்தெட்டுப் புள்ளி. எல்லாம் ஒரே நீலம். மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். ஒரே நீலம். மேசையில் தலையைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷமா அலுப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில், பல்செட் கழற்றிய பிளாஸ்டர் ஈறு இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பல்செட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வெள்ளிக்கிழமை உட்கார்ந்த இடம். வெயில் முகத்தில் விழுந்தும் கண் கூசவில்லை.

"வாயைத் தொறங்கப்பா. முடிஞ்சிடுச்சு."

ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தது. கீழ்வரிசையைச் சாய்த்து நுழைத்தாள். மேல்வரிசை போகவில்லை. அழுத்தினாள். உதட்டோரத்தில் ஏதோ நெறிந்தது. உள்ளே போய்விட்டது.

"கடிங்க."

கடித்தார்.

சத்தமில்லை. அவர் கன்னத்தில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக வீடு அமைதியாக இருந்தது. அவரைக் கட்டிக்கொண்டாள். தோள் கல்லாகக் கனத்தது.

"இப்ப தொறங்க."

திறக்கவில்லை.

"அப்பா. தொறங்கப்பா."

கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது. அது நனைந்திருந்தது. அது மட்டும்தான் அவரிடம் நனைந்திருந்தது.

உதட்டை விலக்கினாள். உதடு விலக்கிய இடத்திலேயே நின்றது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிற கோட்டில் நகத்தை வைத்தாள். நகம் வழுக்கியது. கோடு இல்லை. நீலத் தாளை நுழைத்துப் பார்த்தாள். மடங்கியது. தலைமுடி ஒன்றைப் பிடுங்கி நுழைத்துப் பார்த்தாள். போகவில்லை. மேலும் கீழும் ஒரே பல். ஒரே சுவர். ஒரு முடிகூட நுழையக் கூடாது என்றுதான் இத்தனை நாள் ராவினாள்.

அவர் தொண்டைக்குள் ஏதோ முட்டியது. வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்றது. அது அழுகையாக இருக்கலாம். பசியாக இருக்கலாம்.

பதறக் கூடாது. பதறினால் கை நடுங்கும். இது வேலை. தெரிந்த வேலை. அறைக்குப் போய் மோட்டாரை எடுத்துவந்தாள். மேசையைப் பார்க்காமல் எடுத்தாள். பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம்தான்பா. அசையாதீங்க."

அவர் அசையவில்லை.

இடது கடவாயில் வைத்தாள். வெள்ளைத் தூள் பறந்தது. பல் போயிற்று. பல்லுக்கு அப்புறமும் வெள்ளைத் தூள்தான். ஈறு இருக்க வேண்டிய இடம். கன்னம் இருக்க வேண்டிய இடம். தூள். சட்டையில், மடியில், தரையில். ரத்தமில்லை. அவளுக்கு உயிர் வந்தது.

"வலிக்கலை இல்லப்பா?"

பின்னால், அறைக்குள், சொட் என்று கேட்டது.

சொட். சொட். அப்புறம் விடாமல். ஜன்னல் கண்ணாடியில், பின்னால் திறந்திருந்த அறைக் கதவு வழியாக, அவள் மேசை தெரிந்தது. மேசைமேல் இரும்புத் தாடை. அது அகலமாகத் திறந்திருந்தது. கீல் தாங்காத அளவுக்குத் திறந்து, மூட முடியாமல், உதறிக்கொண்டிருந்தது. மேசை ஓரத்திலிருந்து தரைக்கு ஒரு கறுஞ்சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பவில்லை. குதிகாலில் ஏதோ வெதுவெதுப்பாக வந்து தொட்டது. விரல்களுக்கு இடையே புகுந்தது. அப்பாவின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் தூள் படிந்தது. அவள் குனிந்து மெல்ல ஊதினாள். தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

இடது பக்கம் அதிகமாகத் திறந்துவிட்டது. அவள் மோட்டாரை வலது பக்கத்துக்கு மாற்றினாள்.